சக்கரக் குடத்துள் ஒரு மோட்டார்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி வீதிகளிலே 'புஷ் வண்டி' என்றோர் ஊர்தி ஓடிற்று. அதற்குக் குதிரையும் இல்லை, மாடும் இல்லை. அமர்ந்திருப்பவர் முன்சக்கரத்தைத் திருப்பும் கோலைப் பிடித்துக்கொள்வார். பின்னின்று ஒருவர் வியர்வை சொட்டத் தள்ளிச் செல்வார். வழியை வகுப்பவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர். அக்கால ஆட்சிமுறைக்கே இது நல்லதோர் உவமை எனலாம்.

அந்தத் தள்ளும் விசையைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் 1884-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், வியன்னாவைச் சேர்ந்த லோனர் தொழிற்சாலைக்காக இளைஞர் பெர்டினாண்டு போர்ஷே வடிவமைத்த மின்வண்டி காட்சிக்கு வந்தது. நம் தச்சர்கள் 'குடம்' என்று வழங்கும் சக்கர நடுப்பகுதியில் மோட்டார் அமைந்திருந்தது. சங்கிலி இல்லை, பற்சக்கரமும் இல்லை. ஆயின் 410 கிலோகிராம் எடையுள்ள ஈய மின்கலத்தை அது சுமக்க வேண்டியிருந்தது.

பற்சக்கரம் இல்லாமையே இதன் சிறப்பு, தொல்லையும் அதுவே. கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியும் மாணவரும் சேர்ந்து 150 கிலோகிராம் என்க. கடற்கரைச் சாலையின் சமதளத்தில், வினாடிதோறும் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் கூட வேண்டுமாயின் 150 நியூட்டன் விசை தேவை. உருளும் தடைக்கு ஏறக்குறைய 22 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர் எனில், மோட்டார் தரவேண்டிய திருப்புவிசை 43 நியூட்டன்-மீட்டர். இனி, 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுவதாகக் கொள்வோம். மேலும் 73 நியூட்டன் சேர, திருப்புவிசை 61 ஆகிறது. திருப்புவிசைக்கேற்ப மின்னோட்டம் வளரும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப வெப்பம் வளரும். ஆகவே சிறியதொரு மேடு, சுருளில் எழும் வெப்பத்தை இருமடங்காக்கிவிடுகிறது! மூடிய குடத்துக்குள்ளிருந்து அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. செய்துபார்த்துச் சுருளைக் கருக்குவதைவிடத் தாளில் சமன்பாடு எழுதுவது மலிவன்றோ?

இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியின் மற்றச் சுமையை வில்கள் தாங்குகின்றன; குடத்திலுள்ள மோட்டாரோ வில்லுக்குக் கீழே இருப்பதால் சாலைக் குழியின் அடியை நேரே ஏற்கிறது. எனவே கணித அறிஞர் சக்கரத்தை ஒரு பொருளாகவும் வண்டியுடலை மற்றொரு பொருளாகவும் கொண்டு, இடையில் வில்லை இட்டுச் சமன்பாடுகள் அமைப்பர்.

மாறுமின்னோட்ட மோட்டாரின் கணக்கு நெடுநாள் கடினமாகவே இருந்தது. அலைபோல் ஏறியிறங்கும் மூன்று மின்னோட்டங்களை ஒருங்கே பின்தொடர வேண்டும். 1929-இல் பார்க் என்ற அமெரிக்கப் பொறியியலர், சுழலும் பகுதியின்மேல் தாமே அமர்ந்து நோக்குவதுபோல் கணக்கை மாற்றியமைத்தார். அலைகள் அடங்கி, இரண்டே நிலையான அளவுகள் எஞ்சின. மிக அழகிய உத்தி அது.

1971-இல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்தியின் நான்கு சக்கரங்களிலும் கால் குதிரைத்திறன் மோட்டார் ஒவ்வொன்று இருந்தது. நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறிலொரு பங்கே. ஆயினும் அங்கே பற்சக்கரத்தைக் கைவிடவில்லை. மோட்டார் 80 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி அமைத்திருந்தனர். இன்று நம் ஊர்களில் ஓடும் சிறிய மின் ஸ்கூட்டர்கள் பலவற்றிலோ, பின்சக்கரக் குடத்து மோட்டார் பற்சக்கரத் துணையின்றியே சுழல்கிறது.