ஊர்ப்பொதுவுக்குள் சேரி உண்டா?
சென்னையின் முழுமைத் திட்டங்களை முன்வைத்து

எம்.ஏ. தமிழ் படித்தபோது 'பொது' என்ற சொல்லுக்கு எங்கள் ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார். மன்றம், பொதியில், அம்பலம். எல்லாரும் கூடுகிற இடம், எல்லாருக்கும் உரிய இடம். எவ்வளவு அழகான சொல்! வீட்டுக்கு வந்து எங்க ஆயாகிட்ட சொன்னேன். அது வெத்தலையைக் குதப்பிக்கிட்டே, "பொதுக் கெணறுன்னா நாம எறங்கக் கூடாத கெணறுடா" என்றது. அகராதியில் அந்தப் பொருள் இல்லை. ஆனால் செங்கல்பட்டு ஜில்லா முழுக்க, சேரியில் பிறந்த எவருக்கும் முதலில் தெரிந்த பொருள் அதுதான். 'ஊர்ப்பொது' என்றால் சேரியைக் கழித்த பிறகு மிஞ்சுவது.

பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் பொது அலுவலகங்களிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுவானது பொதுதான் என்று சொல்வதற்கு ஒரு தீர்மானம்! இந்த நாட்டில் 'பொது' என்ற சொல் எப்படிப் புழங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், சென்னை மாநகரம் தனக்கு ஒரு பொதுத் தொலைநோக்கைத் தேட ஆரம்பித்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கு (சனங்க வாயில் 'மாஸ்டர் பிளான்') 2022 முதல் மக்களிடம் கருத்துக் கேட்டது. உங்கள் நகரம் எப்படி இருக்க வேண்டும், எது உங்கள் கனவு என்று. அதே 2022இல் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் இந்தக் கனவுக்குள் வந்தன. கேட்பது நல்லதுதான், கேட்காமலே போட்ட திட்டங்களின் கீழ் வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் கேட்கிறவர் யார், எந்த மண்ணில் நிற்கிறவரிடம் கேட்கிறார் என்பதை வரலாற்றிலிருந்து பார்க்க வேண்டும்.

திருவான்மியூரிலிருந்தே தொடங்குகிறேன், அது நான் பிறந்த இடம். மருந்தீசுவரர் கோயில், வான்மீகர் கதை என்று தலபுராணம் எழுதியவர்கள் நிறையப்பேர். அந்தக் கோயில் நிலத்திலும் மிராசுதார் நிலத்திலும் நாற்று நட்டவர்களுக்குப் புராணம் கிடையாது. 1970களின் இறுதிவரை இந்த ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் பழைய நில வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். குடியிருப்பு நிலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று கிராம நத்தம். இன்னொன்றுக்குச் சாதிப் பெயரோடு 'சேரி நத்தம்'. இதுதான் நமது முதல் மாஸ்டர் பிளான். எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடாத, யாரும் ஆட்சேபம் தெரிவிக்க முடியாத திட்டம்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நமது வரலாற்றை எழுதுகிற எவரும் தாண்டிப்போக முடியாத அறிக்கை அது. அவர் பிடித்த நரம்பு எது தெரியுமா? கூலி குறைவு, பசி, கல்வியின்மை எல்லாவற்றுக்கும் அடியில் அவர் ஒன்றைப் பார்த்தார்: குடிசை நிற்கிற மண் குடிசைக்காரனுடையது இல்லை. சேரி மனைமீதும் மிராசுதார் பிடி இருந்தது. எதிர்த்துப் பேசினால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், 'குடிசையைப் பிரி' என்று சொல்லிவிடலாம். ஆகவே அடிமனைக்கு உரிமை கொடுங்கள், தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்றார். வருவாய் வாரியம் முகம் சுளித்தது. முழுக்க ஏற்கவில்லை. 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்கிற நிலங்கள் வந்தன. அவற்றுக்காக 1994இல் காரணையில் இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நிற்கிற மண் தன்னுடையதாக இல்லாதவனிடம் இருபது வருடத்துக் கனவைக் கேட்க முடியாது. நாளைக்குக் காலையில் குடிசை இருக்குமா என்பதுதான் அவனுடைய தொலைநோக்கு.

மாநகரம் வந்தது, கார்ப்பரேஷன் வந்தது, பார்ப்பனரல்லாதார் ஆட்சி வந்தது. 1919இல் புதிய மாநகராட்சிச் சட்டம், 1920இல் நகரத் திட்டச் சட்டம். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு எரிந்தது. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள், அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது, அதுதான் கலவரத்துக்குக் காரணம் என்று பேசினார்கள். எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியைவிட்டு வெளியேறினார். அதே 20களில்தான் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்துத் தியாகராய நகர் எழுந்தது. நேரான தெருக்கள், நடுவில் பூங்கா, அளவெடுத்த மனைகள். நகரத் திட்டத்துக்கு நல்ல உதாரணம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். நல்ல உதாரணம்தான். ஏரியைத் தூர்க்க மண் சுமந்தவனுக்கு மனை எந்தத் தெருவில் ஒதுக்கப்பட்டது என்று கேட்டால் மட்டும் உதாரணம் சத்தமில்லாமல் போய்விடும்.

நம்மவர்கள் அந்தச் சபைகளில் இல்லாமலில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் வரலாற்றை மறைத்தவனாவேன். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயரானார். 1945இல் என். சிவராஜ். 1969இல் வை. பாலசுந்தரம். 2022இல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு ஆர். பிரியா வந்தார், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். பழைய மேயர்களுக்குப் பதவிக்காலம் ஒரே வருடம். அங்கியும் சங்கிலியும் மேயருக்கு, ஆணையும் கோப்பும் கமிஷனருக்கு என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. ஒரு வருடத்தில் என்ன தொலைநோக்கைப் போட முடியும்?

அடுத்து நடந்ததை நமது இயக்கங்கள்கூடப் போதுமான அளவு பேசவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது, 1971இல் அதற்கான சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு குடியிருப்பைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால் அங்கே உள்ளவர்களை இஷ்டத்துக்குத் தூக்கியெறிய முடியாது. அது ஒரு கவசம். 1971 கணக்கெடுப்பில் 1,202 குடிசைப் பகுதிகள் கணக்கில் வந்தன, அவற்றில் ஏறத்தாழ 1.64 லட்சம் குடும்பங்கள். இன்னொரு பக்கம் 1973இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். இருபத்து மூன்று வருடம் இந்த மாநகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. இந்த இடைவெளியின் தொடக்கத்தில்தான், 1970களின் நடுவில், சென்னையின் முதல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது வயல் என்று நகரத்துக்கு வண்ணம் பூசியபோது, 'எங்க தெருவுக்கு என்ன கலரு' என்று கேட்கக் கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை.

திருவான்மியூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். ஆக எங்களுக்கு முதல் கவுன்சிலர் கிடைக்க 1996 வரை ஆனது. அதற்குள் வயல் எல்லாம் மனையாகிவிட்டது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், கடலோரத்தில் பெரிய வீடுகள். எங்க அப்பா நடவு வேலையிலிருந்து கடைக்கால் தோண்டுகிற வேலைக்கு மாறினது அப்போதான். ஏர் பிடிச்ச அதே நிலத்துல கடப்பாறை பிடிச்சோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்வார். கூலி கொஞ்சம் கூடியது, அதையும் சொல்வார்.

ஒரு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். 1977இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ஏழைகளுக்கு அடிப்படை வசதியோடு மனை பிரித்துக் கொடுத்தார்கள், வீட்டை அவரவர் கட்டிக்கொண்டார்கள். பல குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்தினார்கள். உலக வங்கியின்மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. ஆனால் டிரெமென்ஹீர் 1891இல் கேட்டதற்கு மிக அருகில் வந்த திட்டம் அது.

அந்தப் பாதை ஏன் கைவிடப்பட்டது? மண்ணுக்கு விலை வந்துவிட்டது. 1985இல் மேலும் 17 பகுதிகள் பட்டியலில் சேர்ந்தன. அதோடு பட்டியல் நின்றது. பிறகு பல பத்தாண்டுகள் சென்னையில் ஒரு குடிசைப் பகுதிகூடப் புதிதாகச் சட்டப்படி அறிவிக்கப்படவில்லை. குடிசைகள் நிற்கவில்லை, பட்டியல்தான் நின்றது. பட்டியலில் இல்லாதவர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார். ஒரு சொல்லை மாற்றினால் போதும், கவசம் கழன்றுவிடுகிறது.

2000த்தில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதே காலத்தில் அதே பழைய மகாபலிபுரம் சாலையில், இன்னும் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம் கரை, அடையாற்றங்கரை, கடற்கரை என்று நகரத்தின் நடுவிலிருந்து அள்ளி, ஏரியும் சதுப்பும் இருந்த தாழ்வான இடத்தில் கொட்டினார்கள். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பான்மை யாரென்று. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம் மாடி வைத்துக் கட்டப்பட்டிருந்தது. 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது முழுமைத் திட்டம், வாழத்தக்க நகரம் என்றும் வருங்காலத் தலைமுறைக்கு நல்ல சொத்துகள் என்றும் தன் தொலைநோக்கைச் சொன்னது. யாருடைய தலைமுறை? விடியற்காலையில் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் திருவான்மியூருக்கு வருகிற பஸ்ஸில் ஏறிப்பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள். முன்பு நடந்தே போன வேலைக்கு இப்போது பாதிச் சம்பளத்தை நேரமாகவும் காசாகவும் கொடுக்கிறார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். யார் நடத்தினார்கள் என்பது முக்கியமில்லை, எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரிதான். சுவரில் பெரிய வரைபடம், கையில் கலர் கலராகச் சீட்டு. இருபது வருடம் கழித்து உங்கள் நகரத்தில் என்ன வேண்டும் என்று எழுதி ஒட்ட வேண்டும். சைக்கிள் பாதை, நிழல் மரம், குப்பையில்லாத கடற்கரை. எதுவும் தப்பில்லை, எனக்கும் நிழல் பிடிக்கும். எங்கள் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா சீட்டை எடுக்கவே இல்லை. "இருவது வருசம் கெடக்கட்டுங்க. அப்போ நாங்க இங்க இருப்பமா மாட்டமா, அத்த மொதல்ல சொல்லுங்க" என்றார். நடத்தின பையன் நல்ல பிள்ளை. கொஞ்சம் யோசித்து ஒரு மஞ்சள் சீட்டில் 'வீட்டு வசதி' என்று எழுதி ஒட்டினான். அக்கா கேட்டது வசதியை இல்லை.

அந்த 2022 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில், நீதிமன்ற உத்தரவின்பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. தலைமுறைகளாக இருந்த சனங்கள். முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகு, பக்கத்திலேயே மாற்று வீடு என்றும், இனி மறுகுடியமர்வுக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கப்படும் என்றும் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கருத்து என்பதற்கு நாம் எந்த விலை கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருந்தது.

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் ஒன்று சொல்கிறது. மாநகரப் பகுதிக்கான வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிக்கும் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர், அந்தப் பகுதியின் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்து அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இது 1993இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம், யாரும் நமக்குத் தரும் சலுகை இல்லை. உள்ளாட்சியில் நமக்கு இடஒதுக்கீடு இருப்பதால், அந்தக் குழுவுக்குள் நமது வார்டு உறுப்பினர்கள் நுழைகிற கதவும் அதுதான். சீட்டு ஒட்டுகிற கூட்டத்துக்குப் போகிற தோழர்கள் இந்தக் கதவையும் தட்ட வேண்டும்.

என் பங்குக்கு நான் ஆட்சேபக் கடிதம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறேன், பக்கத்துத் தெருக்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதில் மூன்றே கோரிக்கை. 1985இல் நின்றுபோன பட்டியலை 1971 சட்டத்தின்படி மறுபடி திறந்து, விடுபட்ட குடியிருப்புகளை அறிவிக்க வேண்டும். திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு சேரி நத்தமும் அதன் சர்வே எண்ணோடு குடியிருப்பு நிலமாகக் குறிக்கப்பட வேண்டும், 5,904 சதுர கிலோ மீட்டருக்குள் புதிதாக வந்த கிராமங்களிலும். அடிமனைப் பட்டா பெண்கள் பெயரில் வேண்டும். கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கடல்கரை பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார். அடுத்த தாளில் எழுதலாம் என்றிருக்கிறோம்.