சி-எதிர்வினைப் புரதமும் நுரையீரல் அடைப்பு நோயும்

சி-எதிர்வினைப் புரதம் (வழக்கில் சி.ஆர்.பி.) உடலில் அழற்சி மூளும்போது கல்லீரல் மிகுதியாக உண்டாக்கி இரத்தத்தில் விடும் புரதம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்குத் திடீரென இளைப்பும் சளியும் கூடும்போது ஆன்டிபயாடிக் தேவையா என்று பார்க்க இதன் அளவு உதவுகிறது.

வரலாறு: 1930இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வுக் கழகத்தில் வில்லியம் டில்லட்டும் தாமஸ் பிரான்சிஸும், நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்த ‘சி’ என்ற கூட்டுச்சர்க்கரையை நிமோனியா நோயாளிகளின் இரத்தத் தெளிநீரில் கலந்தனர். காய்ச்சல் உச்சத்தில் எடுத்த தெளிநீர் கலங்கி, வெண்படிவு இறங்கியது. அதே நோயாளி தேறியபின் எடுத்த தெளிநீர் கலங்கவில்லை. எதிர்ப்பொருள் நோய் தணியும் தறுவாயில் தலைகாட்டுவது. தெளிநீரைக் கலக்கிய இப்பொருளோ நோயோடு வந்து நோயோடு போயிற்று. கீல்வாதக் காய்ச்சலிலும் இக்கலங்கல் தென்பட்டதால் ஒரு கிருமிக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிந்தது. ‘சி’ கிருமியின் வெளியுறையைச் சேர்ந்தது எனச் சில நூல்கள் கூறும். செல்சுவரைச் சேர்ந்தது என்பதே பொருந்துகிறது. தெளிநீரில் ‘சி’யோடு வினைபுரிந்த பொருள் ஒரு புரதம் என 1941இல் ஆஸ்வால்ட் ஏவரி குழுவினர் நிறுவினர். 1947இல் மெக்லின் மெக்கார்ட்டி அப்புரதத்தைப் படிகமாக்கினார். மரபுப்பொருள் டி.என்.ஏ.வே என்று 1944இல் காட்டிய மூவரில் இவ்விருவரும் உண்டு. இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் மூலம் நிமோகாக்கஸே என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் சி.ஆர்.பி. பரிசோதனை கீல்வாதக் காய்ச்சலுக்குப் பயன்பட்டது.

நுரையீரல் அடைப்பு நோயிலோ, ஆன்டிபயாடிக் தேவையா என்று முடிவுசெய்ய நெடுநாள் சளியே முதன்மைச் சாட்சி. 1987இல் கனடாவின் ஆந்தோனிசென் குழு இளைப்பு, சளியின் அளவு, சளியின் சீழ்த்தன்மை ஆகிய மூன்றை அளவுகோலாக்கியது. சளியின் பச்சை, வெள்ளணுக்களிலுள்ள மைலோபெராக்சிடேஸ் என்னும் நொதியின் நிறம். நோயாளி கைக்குட்டையில் பார்ப்பதும் அழற்சியின் ஓர் அளவீடே.

2006இல் லண்டன் ஆய்வொன்று, நோய் திடீரென மிகுந்ததை உறுதிசெய்ய உதவுமா என இரத்தத்திலுள்ள 36 குறிப்பான்களை ஒப்பிட்டது. முந்தி நின்றது சி.ஆர்.பி.; ஆனால் தனித்து நின்று அது போதவில்லை, நோய்க்குறியோடு சேர்த்தபோதே பயன்பட்டது. வைரஸ் தொற்றிலும் இது உயர்வதால், பாக்டீரியாவை எவ்வளவு திட்டமாகக் காட்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2019இல் வெளியான இங்கிலாந்து, வேல்ஸ் ஆய்வில், மருத்துவரின் அறையிலேயே விரல்நுனி இரத்தத்தில் சி.ஆர்.பி. பார்த்த பிரிவில் ஆன்டிபயாடிக் எடுத்தோர் 57.0 விழுக்காடு, பார்க்காத பிரிவில் 77.4. நோயாளிகள் தேறுவதில் குறை நேரவில்லை.

இதே நோக்கில் பார்க்கப்படும் மற்றொரு இரத்தக் குறிப்பானான புரோகால்சிடோனின் பற்றிய முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஸ்டீராய்டு யாருக்குப் பலன் தரும் என்று காண இரத்த ஈசினோபில் எண்ணிக்கை அண்மையில் பார்க்கப்படுகிறது.