பகல் கச்சேரிக்காரர்கள்

மார்கழி இசை சீசனுக்கு வித்து 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு. அதையொட்டி ஓர் இசை மாநாடு. மறு ஆண்டே மியூசிக் அகாடமி. எனக்கென்னவோ சீசனின் மாலைக் கச்சேரி நட்சத்திரங்களைவிடப் பகல் வேளை இளசுகள்மேல்தான் பிரியம். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. முன்வரிசையில் குருவும் சொந்தக்காரர்களும். பின்னால் கேன்டீன் சாப்பாடு முடித்துக் கண்ணயர்பவர்கள்.

இளசுகளில் ஒருவரைச் சொல்கிறேன். 1981 சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்த யு. ஸ்ரீநிவாஸுக்கு வயது 12. ஆந்திரத்துப் பாலக்கொல்லுக்காரர். கையில் மாண்டலின்! அதில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் நுணுக்கம், பேசுமா என்பதுதான் வித்வான்களின் சந்தேகம். நியாயமானதுதான், இரட்டைத் தந்திகளில் இழுப்பது சிரமம், நாதமும் சட்டென்று அறுந்துவிடும். அவர் எடுத்துக்கொண்டது மின் மாண்டலின், ஒற்றைத் தந்திகளோடு. நாதம் நீண்டது, விரலுக்குக் கமகமும் வசப்பட்டது.