சங்கத்தைத் தாங்கிய தோள்கள்

ஓர் அமைப்பைத் தொடங்குதல் எளிது. தொடங்கியவர்தம் ஊக்கம் குன்றாமல் அதனை நடத்திச் செல்லுதலே அரிது. இவ்வுண்மைக்கு வடசென்னையில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

பெரம்பூரில் வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் சமய அமைப்பை நடத்தி வந்தனர். திரு.வி. கலியாணசுந்தரனார் அங்குச் சொற்பொழிவாற்றியதுண்டு. அருகிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் தம் குறைகளை இவ்விருவரிடம் கூறலாயினர். நண்பகல் உணவுக்கு அரை மணி நேரமே விடப்பட்டது என்பது அக்குறைகளுள் ஒன்று. பக்தர் கூட்டத்தைப் பேணிய கைகளே 27.4.1918 அன்று தொழிலாளர் சங்கத்தை உருவாக்கின. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவரானார்.

வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி. அவர் வாரந்தோறும் தொழிலாளரிடையே உரையாற்றினார். அவ்வுரைகள் 1921இல் நூலாகவும் வந்தன. ஆண்டுக்கொருமுறை கூடிக் கலையும் சங்கமாக இது இருந்ததில்லை. இடைவிடாத சந்திப்பே அதன் உயிர்மூச்சாக இருந்தது எனலாம்.

சோதனை 1920இல் வந்தது. ஆலை மூடப்பட்டது, நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. பொறுப்பேற்றவர் தம் சொந்தப் பொருளையே இழக்க நேரும் என்ற நிலை எழுந்தது. 1921 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்தினின்று விலகினார், சுமை திரு.வி.க.வின் தோள்மேல் ஏறியது.

அவ்வாண்டு சூனில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பலர் வேலைக்குச் சென்றனர். பகை கலகமாகி, ஆகஸ்டில் புளியந்தோப்பில் துப்பாக்கிச் சூடு வரை சென்றது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. உறுப்பினர் அனைவரும் தம்முடையதெனக் கருதாத சங்கம், எத்துணை ஆற்றல் மிக்க தலைவரைப் பெற்றிருப்பினும் நெருக்கடியில் பிளவுறும் என்பதே இதன் பாடம்.

எனினும் அத்தோல்வி வீணாகவில்லை. வாடியா வழக்கு எழுப்பிய அச்சமே, 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் பாதுகாப்புச் சட்டம் கோருவதற்குக் காரணமாயிற்று. 1926இல் இயற்றப்பட்ட தொழிற்சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கங்களின் பொறுப்பாளர்க்கு உரிமையியல் வழக்குகளினின்று பாதுகாப்பளித்தது. பொறுப்பாளருள் பாதிக்குக் குறையாதவர் அத்தொழிலில் ஈடுபட்டவராயிருத்தல் வேண்டும் எனவும், கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படல் வேண்டும் எனவும் விதித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உத்திரமேரூர்க் கல்வெட்டும் கணக்குக் காட்டாதவரை வாரியப் பொறுப்பினின்று விலக்கியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பின்னர் 1948இல் எண்ணூரிலும் 1955இல் திருவொற்றியூரிலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தபோது, அங்குள்ள தொழிலாளர்க்குச் சங்கம் அமைத்தல் புதுமையாக இருக்கவில்லை. வழி முன்பே வகுக்கப்பட்டிருந்தது. அவ்வழியைத் தொடங்கி வைத்த பெரம்பூர் ஆலையோ 1996இல் நிலையாக மூடப்பட்டது.

ஆலை மறைந்தது, அதனால் விளைந்த படிப்பினை மறையவில்லை. வாரந்தவறாத கூட்டம், ஒளிவற்ற கணக்கு, சுமையைப் பகிரும் பல தோள்கள், எவரையும் புறத்தே நிறுத்தாத அரவணைப்பு ஆகிய இந்நான்கும் அமைந்தவிடத்துச் சங்கம் வாழும். தொழிலாளர் சங்கத்துக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் இவ்விதி ஒன்றே.