புருவம் போனவர்கள்: பாலாற்றங்கரையில் மயிரின் வரலாறு

1

மயிர் என்ற சொல்லை இன்று வசவாகத்தான் கேட்கிறோம். அச்சுக்கு வரும்போது அது 'முடி' ஆகிவிடும். எண்ணெய் விளம்பரத்தில் 'கூந்தல்', மேடையில் 'கேசம்'. வள்ளுவருக்கு அது வசவு இல்லை. மானம் என்ற 97ஆம் அதிகாரத்தில் இரண்டு இடங்களில் (964, 969) மயிரைத்தான் உவமையாக எடுக்கிறார். தன் நிலையிலிருந்து தாழ்ந்தவர் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்குச் சமம் என்பது ஒன்று. மயிர் போனால் உயிர் வைத்துக்கொள்ளாத கவரிமா இன்னொன்று. உதிர்வது உடம்பில் நடக்கிற ஒரு சங்கதி. அதை மானத்தின் சங்கதியாகப் படிக்க நமக்கு வெகுகாலமாகவே பழக்கப்படுத்தியிருக்கிறார்கள்.

முடி ஏன் கொட்டுது என்று கேட்டால் ஊர் ஒரு பதில் சொல்லும், மருத்துவம் ஒரு பதில் சொல்லும், கடை ஒரு பதில் சொல்லும். ஒவ்வொரு பதிலும் காரணத்தைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறது? ரத்தத்திலா, கிருமியிலா, தண்ணீரிலா, தலைக்கு எண்ணெய் வைக்காத சோம்பேறித்தனத்திலா? காரணம் எங்கே வைக்கப்படுகிறதோ அங்கேதான் குற்றமும் வைக்கப்படுகிறது. இதைப் பார்க்க ராணிப்பேட்டை, வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பிரதேசத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மயிரைக் களைவது இங்கே ஒரு பெருந்தொழில். மனித முகத்தில் மயிரை நட்டு வளர்த்த வரலாறும் இங்கேதான் இருக்கிறது.

2

தோல் பதனிடுவதில் முதல் பெரிய வேலை மயிரை எடுப்பது. உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்துச் சுண்ணாம்புக் குழியில் இறக்குவார்கள். சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேரும். மயிருக்கு உறுதி தருவது கெராட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருப்பது கந்தகம். காரமும் சல்பைடும் சேர்ந்து அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. மயிர் தளர்ந்து கழன்றுவிடும், மிச்சத்தைக் கத்தியால் வழித்தெடுப்பார்கள். கடையில் விற்கிற மயிர்நீக்கும் கிரீம் செய்வதும் இதே வேலைதான்: கொஞ்சம் காரம், கொஞ்சம் கந்தகச் சேர்மம், மேலே வாசனை. ஆனால் கிரீம் தடவியவரை யாரும் தீட்டு என்று ஒதுக்கவில்லை. குழியில் இறங்கியவரை ஒதுக்கினார்கள். டேனரி முதலாளிகளில் முஸ்லிம் வணிகர்கள் அதிகம். அந்த ஈரவேலை பெருமளவு தலித்துகளின் தலையில் விழுந்தது.

மயிர் போன தோல் அழுகாமல் நிற்கத் துவர்ப்பு வேண்டும். குரோமியம் வருவதற்கு முன்னால் அதைத் தந்தவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இரண்டும் நாட்டு மருந்துக் கடையிலும் உண்டு. ஆவாரம்பூவை அரைத்துத் தலைக்குத் தேய்க்கச் சொல்கிறார்கள். கடுக்காய் திரிபலாவில் மூன்றில் ஒன்று. டேனரியில் நாற்றம் என்று மூக்கைப் பொத்த வைத்த அதே சரக்கு, புட்டியில் அடைத்ததும் 'இயற்கை' ஆகிவிட்டது. செடி மாறவில்லை, அதைத் தொட்ட கைதான் மாறியிருக்கிறது.

செடி செய்கிற காரியம் என்ன என்பதையும் பார்த்துவிடலாம். துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாட்டுத் தோலில் ஒட்டினால் தோல் பதமாகிறது. தலைமயிரின் மேல் ஒட்டினால் இழை கொஞ்சம் தடித்து மினுக்குகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. வெளியே தெரிகிற மயிர் உயிரற்ற பொருள். உயிர் இருப்பது தோலுக்கடியில் உள்ள வேர்க்காலில்தான்.

3

அந்த வேர்க்காலைக் குறிவைத்து அழிக்கிற ஒரு நோய் இந்தப் பிரதேசத்தின் வரலாற்றில் ஆழப் பதிந்திருக்கிறது. பெருநோய், குஷ்டம் என்று ஊர் அழைத்த தொழுநோய்தான் அது. 1873இல் நார்வேயில் ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார். உடம்பில் குளிர்ச்சியான இடங்கள் இந்தக் கிருமிக்குப் பிடிக்கும்: காது மடல், மூக்கு, கை கால் முனைகள், புருவம். புருவத்துத் தோலில் கிருமி பெருகும்போது வேர்க்கால்கள் அழிகின்றன. வெளி ஓரத்திலிருந்து மயிர் உதிரத் தொடங்கிக் கடைசியில் புருவமே இல்லாமல் போகும். தலை சூடான இடம் என்பதால் தலைமயிர் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆக, இந்த நோய் எழுதுவது முகத்தில். எழுத்தறிவில்லாத ஊரும் படிக்கிற எழுத்து அது. புருவம் இல்லாத முகத்தைப் பார்த்தால் ரத்தம் கெட்டுப்போச்சு, பூர்வஜென்மப் பாவம், பரம்பரைச் சீக்கு என்று தீர்ப்பு எழுதிவிடும். காலனிய அரசும் 1898இல் ஒரு தீர்ப்பு எழுதியது. அந்த ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் பிடித்து அடைக்கச் சொன்னது பிச்சையெடுக்கும், பிழைக்க வழியற்ற நோயாளிகளைத்தான். சொந்த வீட்டில் ஒளிந்திருக்க வசதியுள்ளவர் அதற்கு அகப்படமாட்டார். கிருமிக்கு இல்லாத வர்க்கபேதம் சட்டத்துக்கு இருந்தது. அது முழுமையாக ரத்தானது 2016இல். தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகள் 2019 வரை இருந்தன.

மருந்து என்று வெகுகாலம் இருந்தது நீரடிமுத்து எண்ணெய். நாட்டு வைத்தியம் அறிந்திருந்த அதை மேலைநாட்டு மருத்துவரும் எடுத்துக்கொண்டு ஊசி வழியாக ஏற்றினார்கள். வலி அதிகம், பலன் நிச்சயமில்லை. 1940களின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. கிருமி அடங்கியது.

வரலாற்றின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. கிருமி அடங்கியும் புருவம் முளைக்கவில்லை. அழிந்த வேர்க்கால் அழிந்ததுதான். பரிசோதனையில் நோயில்லை என்று சான்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவருக்கு வேலை இல்லை, டீக்கடையில் கிளாஸ் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை யார் படித்தார்கள்? முகத்தைத்தான் படித்தார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1948இல் அவர் தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். விரல்கள் அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கையை உடைத்தவரும் அவர்தான். நரம்பு செத்து உணர்ச்சி போனதால் சூட்டையும் வெட்டையும் அறியாமல் உழைத்துத்தான் விரல்கள் தேய்கின்றன என்று காட்டினார். சதையின் கேடு என்று சொல்லப்பட்டது, வலி தெரியாமல் செய்த வேலையின் காயம் என்று ஆயிற்று. காரணத்தை ஒரு அடி நகர்த்தி வைத்ததும் செருப்பும் கைப்பிடிக்கு உறையும் மருத்துவமாகிவிட்டன. 1955இல் உருவான கரிகிரி ஆய்வு, பயிற்சி நிலையத்திலும் இந்த வேலை தொடர்ந்தது.

புருவத்துக்கும் அங்கே வழி கண்டார்கள். கிருமி தொடாமல் விட்ட தலைமயிர் கைகொடுத்தது. பொட்டுப் பக்கத்து ரத்தக்குழாயோடு தலைத்தோலில் ஒரு கீற்றை எடுத்து, நெற்றித் தோலுக்கடியில் வழி செய்து, புருவம் இருந்த இடத்தில் கொண்டுவந்து தைப்பார்கள். நட்ட மயிர் முளைத்தது. ஆனால் தன்னை இன்னும் தலைமயிர் என்றே நினைத்துக்கொண்டு நீளமாக வளர்ந்தது. அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். கத்தரிக்க மனமில்லாமல், நெற்றியில் தொங்கும் புருவத்தோடு பெருமையாக நடந்தவர்களும் இருந்தார்களாம்.

இதை மருத்துவ வெற்றி என்று மட்டும் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. அந்த அறுவை எந்த நோயைக் குணப்படுத்தியது? நோயாளிக்கு அப்போது நோய் இல்லை. நோய் பார்க்கிறவர் கண்ணில் இருந்தது. ஊரின் கண்ணை அறுவைக்குப் படுக்கவைக்க முடியாது என்பதால், நோயாளி தன் தலைத்தோலை அறுக்கக் கொடுத்தார். உதிர்ந்த மயிரோடு சேர்த்து மனிதரையும் குப்பையாக்கிய ஒரு சமூகத்துக்குள் நுழைய அவர் கட்டிய சுங்கவரி அது. கத்தரிக்க மறுத்தவர்களை நான் இந்த இடத்தில்தான் புரிந்துகொள்கிறேன். வரி கட்டின ரசீதை நாலு பேர் பார்க்கட்டும் என்பதாக.

4

இன்று புருவத்தைவிடத் தலை பற்றிய பயம் பெரிதாகிவிட்டது. எண்ணெய்ப் புட்டிகள் அந்தப் பயத்தின் மேல் நடக்கின்றன. அதனால் சாதாரண முடி உதிர்வின் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்கள். ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்து, விழுந்து, மறுபடி முளைக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. டைபாய்டு, பிரசவம், பட்டினி, பெரிய அதிர்ச்சி என்று எது வந்தாலும் ஏராளமான மயிர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக வரும். வேர்க்கால் சாகவில்லை, மூலகாரணம் நீங்கினால் ஆறேழு மாதத்தில் தானாகத் திரும்பும். எந்த எண்ணெயும் புகழ் பெறுவது இந்த இடைவெளியில்தான். கொட்ட ஆரம்பித்ததும் தடவத் தொடங்குகிறோம். முளைக்க வேண்டிய காலத்தில் முளைக்கிறது. பெயர் எண்ணெய்க்குப் போகிறது.

ஆண்களின் வழுக்கை பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்வது. அதற்குக் கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் விடை என்று உறுதியான சான்று இல்லை. வட்டமாக உதிரும் புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடம்பின் காப்புப் படையே வேர்க்காலைத் தாக்குகிறது. சின்ன வெங்காயத்தைத் தேய்க்கும் நம் வீட்டு வழக்கத்துக்கு மட்டும் ஒரு துணை உண்டு: 2002இல் ஈராக்கில் நடந்த ஒரு சிறு சோதனையில் வெங்காயச் சாறு பூசியவர்களில் பலருக்கு முளைத்தது. ஆனால் அது தானாகவே திரும்பக்கூடிய நோய் என்பதையும் மறக்கக் கூடாது.

பெண்களுக்கு வருவோம். தைராய்டு குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் மயிரைத் தொடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை உள்ளவர்கள். ஆம்பூர்ப் பக்கத்துச் ஷூ கம்பெனிகளில் தைக்கிற, ஒட்டுகிற கைகளில் பெரும்பகுதி பெண்களுடையது. விடிகாலையில் பஸ் பிடிக்க ஓடுகிற பெண் சாப்பிட்டாளா என்று எந்தப் புட்டியும் கேட்பதில்லை. தேய்க்கவில்லையா, பராமரிக்கவில்லையா என்றுதான் கேட்கிறது. ஊர் பாவத்தில் வைத்த காரணத்தைச் சந்தை இப்போது அலட்சியத்தில் வைக்கிறது. இரண்டிலும் குற்றவாளி முடி கொட்டியவர்தான்.

5

கடைசியாகத் தண்ணீர். "இந்தத் தண்ணிய தலையில ஊத்தினா முடி கையோட வருது" என்பது பாலாற்றங்கரையில் புதிய பேச்சு அல்ல. ஆவாரம்பட்டைக் காலத்திலும் டேனரிக் கழிவு ஆற்றுக்குத்தான் போனது. 1970களில் பதப்படுத்திய தோலாகவே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசு திருப்பியதும் குரோமிய முறை பெருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற ஆய்வைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30இல், அதே ஆற்றுக்காக, அதே ஈட்டுக்காக, அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

தண்ணீர் முடியைக் கொட்டவைக்கிறதா? உப்பு மிகுந்த நீர் மயிரைச் சொரசொரப்பாக்கி ஒடித்துவிடும். ஒடிவது வேறு, வேரோடு உதிர்வது வேறு. குரோமியத்தின் அடி முதலில் விழுவது தோலில்: அரிப்பு, படை, ஆறாத புண். இதற்கு மேல் நிரூபிக்காததைக் கோஷமாக்கினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் வசதி. ஆனால் அந்தப் பேச்சைக் கிராமத்து அறியாமை என்று தள்ளுவதும் அதிகாரத்தின் பழைய வேலைதான். இழப்பீடு முதன்மையாக நிலத்தின் சேதத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. பட்டா இல்லாதவருக்குக் காட்டுவதற்கு உடம்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சீப்பில் சுருட்டி எடுத்த மயிரை அவர் சாட்சியாக நீட்டுகிறார். சாட்சியைக் கேட்டுவிட்டுத்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

இயக்கங்களில் இருப்பவர்கள் இதைச் செய்ய முடியும். ஒரு நோட்டு போதும். முடி கொட்டுது என்று சொல்கிறவரிடம் எந்தப் பிரிவில் வேலை, என்ன தண்ணீர், கடைசிக் காய்ச்சல் எப்போது, பிரசவம் எப்போது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டு எழுதுங்கள். தெரு தெருவாக எழுதினால் அது ஒரு ஆவணம். புருவம் ஓரத்திலிருந்து உதிர்ந்தாலோ, தோலில் உணர்ச்சியற்ற, வெளுத்த அல்லது சிவந்த படை இருந்தாலோ எண்ணெய் தேட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். தொழுநோய் 2005இல் ஒழிப்பு இலக்கை எட்டியதாக அறிவிக்கப்பட்டாலும் புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். கூட்டுமருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் தீரும். வேர்க்கால் சாவதற்கு முன்னால் போய்விட்டால், யாருடைய தலைத்தோலையும் அறுத்து யாருடைய கண்ணுக்கும் வரி கட்ட வேண்டியிருக்காது.