எலும்புக்குள் வைத்த சூடு

பகலெல்லாம் ஓடியாடும் பையன் நடுராத்திரியில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழுகிறான். வலி மாத்திரை ஒன்று கொடுத்தால் சற்று நேரத்தில் தூங்கிப்போகிறான். மறுநாள் ராத்திரியும் இதே கதை. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்கிற எலும்புக் கட்டி பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். புற்றுநோயல்ல, வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் தூங்கவிடாது.

1930-கள் வரை இதை எலும்பில் பிடித்த நாள்பட்ட சீழ்த்தொற்று என்றே பலர் எண்ணினார்கள். நியூயார்க் மூட்டு நோய் மருத்துவமனையின் நோயியல் நிபுணர் ஹென்றி ஜாஃபே, வெட்டியெடுத்த துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். சீழும் இல்லை, கிருமியும் இல்லை. புதிதாக எலும்பு உருவாக்க முனையும் செல்களும் ரத்தக் குழாய்களும் நிறைந்த ஒரு சின்னஞ்சிறு கரு மட்டும் இருந்தது. 1935-இல் ஐந்து நோயாளிகளை வைத்து, இது தனியொரு கட்டி என்று எழுதிப் பெயரும் சூட்டினார்.

நைடஸ் எனப்படும் அந்தக் கரு பெரும்பாலும் ஒன்றரை செ.மீ.கூட இருக்காது. வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் அதில்தான் ஏராளமாகச் சுரக்கிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டிய பிறகுதான், மாத்திரைக்கு இந்த வலி இவ்வளவு கேட்பது ஏன் என்று விளங்கியது.

அறுவை மருத்துவர்களின் பாடு வேறு. கருவை எடுத்துவிட்டால் வலி போய்விடும். ஆனால் எலும்பைத் திறந்தால் அது கண்ணில் படாது. சுற்றியுள்ள எலும்பு தடித்து இறுகி அதை மறைத்திருக்கும். விட்டுப்போகக் கூடாதே என்று நல்ல எலும்பையும் சேர்த்துப் பெரிதாக வெட்டினார்கள். கொண்டைக்கடலை அளவுக் கட்டிக்காக மாதக்கணக்கில் கால் ஊன்றாமல் கிடந்தவர்கள் உண்டு. உண்மையில் வழி திறந்தது கத்தியால் அல்ல, சி.டி. ஸ்கேனால் என்பேன். கரு இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் துல்லியமாக அது காட்டியதும், வெட்டுவானேன் என்ற கேள்வி தானாகவே எழுந்தது.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கதிரியக்க நிபுணர் டேனியல் ரோசந்தால் அந்தக் கேள்விக்குச் செய்து காட்டியே பதில் சொன்னார். நரம்பு வலிக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் சூடு வைக்கும் முறை முன்பே இருந்தது. அதை அவர் எலும்புக்குக் கொண்டுவந்தார். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி எலும்பில் சிறு துளையிட்டு, மின்முனை ஊசியைக் கருவுக்குள் செலுத்தி, நுனியைச் சுமார் 90 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தார். நுனியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு செ.மீ. உருண்டை வெந்து செத்துவிடும். நான்கு பேருக்குச் செய்ததை அவரது குழு 1992-இல் வெளியிட்டது. பின்னாளில் கவனித்த ஒன்று என்னை உலுக்குகிறது. முழு மயக்கத்தில் இருப்பவருக்கும் ஊசி கருவைத் தொட்டதும் இதயத் துடிப்பும் மூச்சும் சட்டென எகிறுமாம். அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் ராத்திரிகளில் பட்டது எவ்வளவு!

இன்று பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். பாதத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே சதைப்பற்று குறைவு. தோலும் நரம்பும் எலும்பை ஒட்டியே இருப்பதால் சூடு அவற்றைத் தாக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் பழைய அறுவை சிகிச்சையே மேல் என்று முடிவெடுப்பதும் உண்டு.

அதைவிடப் பெரிய தொல்லை, நோயைக் கண்டுபிடிப்பதில்தான். கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பில் இந்தக் கட்டி வந்தால் எலும்பு அவ்வளவாகத் தடிக்காது. எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் தெரியாது. மூட்டு மட்டும் வீங்கும். சுளுக்கு என்று கட்டுப்போடுவார்கள், மூட்டுவாதம் என்று மருந்து கொடுப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் எலும்பு மஜ்ஜை முழுக்க நீர்கோத்துத் தெரிவதால், நடுவில் இருக்கும் கரு தப்பிவிடுவதும் உண்டு. மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி.யில் அது பளிச்சென்று தெரியும். ஆனால் ராத்திரி வலியைப் பற்றி யாராவது கேட்டால்தானே அந்த சி.டி.யை எழுதிக்கொடுப்பார்கள்.