சவப்பெட்டியில் எழுந்த நாதம்

ஒரு மாளிகையைக் காண வருவோர் அதன் தூண்களையும் கூரையையும் புகழ்வர். அத்திவாரத்தைப் புகழ்வார் அரியர். இசையரங்கிலும் இதுவே வழக்கம். பாடகரின் குரலும், மேற்சுருதியில் ஒலிக்கும் கருவிகளும் பாராட்டைப் பெறும். அவற்றைத் தாங்கி நிற்கும் தாழ்ந்த நாதமோ, அது நின்றுவிட்டபோதுதான் கவனத்துக்கு வரும். மேலைநாட்டு இசைக்குழுக்களில் அந்த அத்திவாரத்தை நெடுங்காலம் இட்டு வந்தது 'டபிள் பேஸ்' என்னும் பெரிய நரம்புக் கருவி. நிறுத்திவைத்தால் ஆளுயரத்துக்கு மேற்படும் அக்கருவியின் மிகத் தாழ்ந்த நரம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. அவ்வளவு மெதுவாக அதிரும் நரம்பு தானாகக் காற்றை அசைக்கவல்லதன்று. அதற்கு ஒரு பெரிய மரவயிறு துணைநிற்க வேண்டும். வீணைக்குக் குடம் எதுவோ, டபிள் பேஸுக்கு அவ்வயிறு அதுவாகும்.

1951ஆம் ஆண்டில் இந்த ஏற்பாடு மாறிற்று. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, புல்லர்டன் என்னும் ஊரில், வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் தொழிலில் தொடங்கி இசைக்கருவி செய்பவராய் உயர்ந்த லியோ ஃபெண்டர் என்பார், 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின்கிற்றாரை அவ்வாண்டில் வெளியிட்டார். அது உட்குடைவில்லாத திண்மரத்தால் ஆனது. தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கத்தக்கது. மோட்டார் வண்டியின் பின்னாசனத்தில் எளிதில் அடங்குவது. டபிள் பேஸைச் சுமந்து களைத்த கலைஞருக்கு அது ஒரு விடுதலையாகவே தோன்றியது. ஆயினும் அவ்விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. புதிய கருவிக்கு வயிறு இல்லை. நரம்பின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது எளிதாயிற்று. அம்மின்சாரத்தை மீண்டும் ஆழ்ந்த நாதமாக மாற்றுவதுதான் அரிதாயிற்று. கருவியைவிட்டு நீங்கிய வயிற்றை வேறோர் இடத்திலே கட்டியாக வேண்டும். அவ்விடந்தான் ஒலிபெருக்கிப் பெட்டி.

ஒரு பெட்டியைச் செய்வதில் என்ன அருமை என்று கேட்கலாம். ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு முன்னே பாயும்போது அதன் முன்புறத்துக் காற்று நெருக்கமடைகின்றது. பின்புறத்துக் காற்று அதே கணத்தில் ஐதாகின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்குமாயின் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். மேற்சுருதி ஒலிகளின் அலைகள் குறுகியவை. அவை எளிதில் வளைந்து பின்புறஞ் செல்வதில்லை. ஆனால் செக்கனுக்கு 41 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 27 அடியாகும். அத்தகைய நெடிய அலைக்கு இரண்டடிப் பெட்டி ஒரு தடையன்று. ஆற்று வெள்ளம் ஒரு கல்லைச் சுற்றிச் செல்வதுபோல் அது பெட்டியைச் சுற்றிச் சென்றுவிடும். ஆதலால், பின்பக்கம் திறந்திருக்கும் சாதாரணக் கிற்றார்ப் பெட்டியிலே பேஸ் கிற்றாரை இணைத்தால், ஆழ்ந்த நாதம் பிறக்கும்போதே மடிந்துபோகின்றது.

மற்றோர் இடரும் உண்டு. ஒலி ஒரு ஸ்தாயி தாழுமாயின், அதே அளவு உரப்பைத் தருவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். மனிதச் செவியும் தாழ்ந்த நாதத்தை அத்துணை கூர்மையாக உணர்வதில்லை. எனவே வாசிப்பவர் மின்பெருக்கியின் வலுவைக் கூட்டுவார். கூட்டக் கூட்டக் கூம்பு தன் எல்லையைக் கடந்து கிழிந்துபோகும்.

இவ்விடர்களுக்கு இருவகைப் பரிகாரம் காணப்பட்டது. பின்பக்கத்தை முற்றாக அடைத்துப் பின்னலையைப் பெட்டிக்குள்ளேயே சிறைப்படுத்துவது ஒன்று. பெட்டியில் அளவறிந்து ஒரு துவாரமிட்டு, சிறைப்பட்ட அலையையே துணைக்கு அழைப்பது மற்றொன்று. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் அதற்கேயுரிய ஒரு சுருதி எழுவதை யாவரும் அறிவர். போத்தலின் கழுத்திலுள்ள காற்று ஒரு பாரம்போலவும், உள்ளேயுள்ள காற்று ஒரு வில்போலவும் தொழிற்படுவதே அதன் காரணம். துவாரமுள்ள பெட்டியும் இவ்வாறே தனக்குரிய சுருதியில் அதிர்ந்து, கூம்பின் உழைப்பைக் குறைத்துத் தாழ்நாதத்தை ஓங்கச் செய்கின்றது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1930ஆம் ஆண்டிலே இம்முறைக்குக் காப்புரிமை கோரி, 1932இல் அதனைப் பெற்றார்.

அமெரிக்கக் கலைஞருக்கு விரைவிலேயே ஆயத்தப் பெட்டிகள் கிடைத்தன. 1952இல் ஃபெண்டர் நிறுவனம் 15 அங்குல ஒலிபெருக்கி பொருத்திய 'பாஸ்மன்' என்னும் பெட்டியை வெளியிட்டது. 1960இல் அம்பெக் நிறுவனத்தின் 'போட்டாஃபிளெக்ஸ்' வந்தது. பிரித்தானியாவின் நிலைமை வேறு. அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு அங்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடு 1959 வரை நீடித்தது. கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் விலை இளைஞரின் கைக்கு எட்டவில்லை. ஆயினும் அந்நாட்டில் வேறொரு செல்வம் இருந்தது. வானொலிப் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் வீட்டிலே தாமே செய்து பார்க்கும் வழக்கம் அங்கு வேரூன்றியிருந்தது. வார்ஃப்டேல் நிறுவனத்தை நிறுவிய கில்பர்ட் பிரிக்ஸ், ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளங்கும் நடையில் 1948ஆம் ஆண்டிலேயே நூல் எழுதி வெளியிட்டிருந்தார். மரமும் வாளும் பற்றாசு வைக்கும் கோலும் கையிலிருந்தால் முயன்று பார்க்கலாம் என்ற துணிவு பல இல்லங்களில் நிலவியது.

இத்துணிவின் விளைவைத் துறைமுக நகரான லிவர்பூலிலே காணலாம். அங்கே 'பிக் திரீ' எனப் பெயர்பெற்ற ஓர் இசைக்குழு இருந்தது. பெயருக்கேற்ப உறுப்பினர் மூவரே. பறை முழக்கிய ஜோனி ஹச்சின்சன், அந்நகரிலேயே மிக உரத்து முழக்குபவர் எனப் பெயர் வாங்கியவர். அவருக்கு அருகில் நின்று பேஸ் கிற்றார் வாசித்த ஜோனி கஸ்டாஃப்சனின் நாதம் அம்முழக்கத்திலே அமிழ்ந்தது. குழுவின் மூன்றாமவரான ஏட்ரியன் பாபர் கிற்றார் வாசிப்பவர். மின்கருவி நுட்பத்திலும் கைதேர்ந்தவர். கடையில் வாங்க இயலாததைத் தாமே செய்ய அவர் தலைப்பட்டார். 1960களின் தொடக்கத்தில் அவர் கைப்பட எழுந்த பெட்டி ஏறக்குறைய ஐந்தடி உயரமானது. அதன் நெடிய கரிய தோற்றத்தைக் கண்ட நகரத்து இளைஞர் அதற்குச் 'சவப்பெட்டி' என்று பெயரிட்டனர்.

பெயர் அமங்கலமாயினும் பயன் மங்கலமாயிற்று. அமிழ்ந்து கிடந்த நாதம் அரங்கின் கடைசி வரிசைவரை எட்டியது. செவியால் மட்டுமன்றி நெஞ்சாலும் உணரத்தக்க அதிர்வாக அது பரவியது. பாபரின் பெட்டிகளுக்கு அயற்குழுக்களிடையே நாட்டம் பெருகிற்று. அப்போது உலகம் அறியாத பீட்டில்ஸ் குழுவின் பேஸ் வாசிப்பாளரான போல் மக்காட்னியும் அவற்றில் ஒன்றைப் பெற்றார். மத்தியூ வீதியில் நிலத்துக்குக் கீழே அமைந்திருந்த 'கவேர்ன்' கழகத்தின் செங்குத்தான படிகளில் இத்தகைய பாரத்தை இறக்குவதும் ஏற்றுவதும் சிறிய வேலையன்று. ஆயினும் அந்நாதத்தை ஒருமுறை கேட்டவர் பாரத்தைப் பொருட்படுத்தவில்லை.

தேர்ந்த பொறியியலாளர் நிறைந்த ஒலிப்பதிவு நிலையத்திலும் இதே தேவை ஒருநாள் தலைகாட்டியது. 1962 யூன் 6ஆந் திகதி, இலண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் அபே வீதி நிலையத்துக்குப் பீட்டில்ஸ் குழுவினர் முதன்முறையாக வந்தபோது, மக்காட்னியின் மின்பெருக்கி பதிவுக்கு ஒவ்வாத இரைச்சலைத் தந்தது. ஒலிப்பதிவாளர் நோர்மன் சிமித்தும் கென் டவுன்சென்டும் எதிரொலி அறையிலிருந்த 'டனோய்' ஒலிபெருக்கியைக் கொணர்ந்தனர். 'லீக்' மின்பெருக்கி ஒன்றில் கிற்றாரின் வயரைச் செருகுவதற்கான துளையைப் பற்றாசு வைத்துப் பொருத்தினர். பதிவு நடைபெற்றது. பெரிய நிறுவனமும் அன்று லிவர்பூல் இளைஞரின் வழியையே பின்பற்றிற்று எனலாம்.

இலண்டனின் மேற்கிலுள்ள ஹன்வெல் பகுதியிலே ஜிம் மார்ஷல் என்னும் பறையாசிரியரும் பேஸ் கிற்றாருக்கான பெட்டிகளைத் தம் கைப்படச் செய்துவந்தார். 1960இல் அவர் இசைக்கருவிக் கடையொன்றைத் திறந்தார். அங்கு உருவான மின்பெருக்கிக்கு முதலில் இரண்டு 12 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டியைப் பொருத்திப் பார்த்தார். அக்கால ஒலிபெருக்கிகள் அவ்வலுவைத் தாங்காது பழுதாயின. ஆகவே பின்பக்கம் அடைத்த பெட்டியில் நான்கு ஒலிபெருக்கிகளை வைத்துப் பாரத்தைப் பகிர்ந்தார். பிற்காலத்தில் உலகின் அரங்குகளெங்கும் சுவர்போல் அடுக்கப்பட்ட பெட்டியின் தோற்றுவாய், இவ்வாறு பழுதுகண்டு திருத்திய ஒரு பரீட்சையேயாம்.

பரீட்சை என்பது இத்தொழிலின் உயிர்நிலை. பெட்டியைப் பூட்டியவுடன் வேலை முடிவதில்லை. ஒட்டுப்பலகைகள் சேரும் மூட்டுகளிற் காற்றுக் கசியுமாயின் தாழ்நாதம் 'புஸ்' என்ற ஒலியோடு வீணாகும். பலகை மெலிந்திருந்தால் அது தானே நடுங்கி, இல்லாத சுருதிகளைச் சேர்க்கும். உட்புறத்திலே குறுக்குச் சட்டம் அடித்து அதனை அடக்க வேண்டும். பிரிக்ஸ் என்பார் பலகைகளுக்கிடையே மணலை நிரப்பியும் இந்நடுக்கத்தை அடக்கிக் காட்டினார். பெட்டியைச் செய்தவர் மிகத் தாழ்ந்த நரம்பில் தொடங்கி ஒவ்வொரு சுரமாக மேலேறி வாசிப்பார். எல்லாச் சுரங்களும் ஒத்த உரப்புடன் எழுந்தால் வெற்றி. ஏதேனும் ஒரு சுரம் மாத்திரம் மற்றவற்றை மீறி முழங்குமாயின் பெட்டியின் சுருதி பிழைத்தது என்பது பொருள். துவாரத்தின் பரப்பையோ குழாயின் நீளத்தையோ மாற்ற வேண்டும். மிருதங்கத்துக்குச் சோறிட்டுச் சுருதி சேர்ப்பவரைப்போலச் செவியை நம்பியே இவ்வேலை நடைபெற்றது.

செவியின் தீர்ப்பைக் கணக்காக மாற்றியவர் அவுஸ்திரேலியப் பொறியியலாளரான நெவில் தீல் ஆவார். துவாரமிட்ட பெட்டிகளைப் பற்றிய அவரது கட்டுரை 1961ஆம் ஆண்டில் அந்நாட்டு வானொலிப் பொறியியலாளரின் சஞ்சிகையில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் அவுஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணைக்குழுவிற் சேர்ந்தார். ஒலிபெருக்கியின் சில இயல்புகளை அளந்துவிட்டால், அதற்கு எத்துணைப் பெரிய பெட்டி தகும், துவாரம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதை மரத்தை அறுப்பதற்கு முன்னரே கணித்துவிடலாம் என்பது அக்கட்டுரையின் சாரம். லிவர்பூலில் பாபர் பலகை அறுத்துக்கொண்டிருந்த காலமும், சிட்னியில் இக்கணக்கு அச்சேறிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கட்டுரை பத்தாண்டுக் காலம் உலகின் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. 1971இல் அமெரிக்காவின் ஒலிப் பொறியியற் சங்கம் அதனை மறுபடி வெளியிட்டது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரிச்சட் சிமோல் 1972ஆம் ஆண்டு முதல் அதனை விரித்தெழுதினார். 'தீல்-சிமோல்' அளவுகள் என்று இன்று ஒலிபெருக்கி விற்போர் ஒவ்வொருவரும் அச்சிட்டுத் தருவது இவ்விருவரின் உழைப்பையே. இன்று வீட்டிலே பெட்டி செய்பவர், பாபருக்குக் கிட்டாத அக்கணக்கைக் கணினியின் துணைகொண்டு சில நிமிடங்களிற் செய்துவிடுகின்றார்.

பாபர் தமது குழுவைவிட்டு 1962இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள ஸ்டார் கழகத்தில் ஒலியமைப்பை மேற்பார்க்கும் பணியை ஏற்றார். அவ்வாண்டின் இறுதியில் பீட்டில்ஸ் குழு அங்கே பாடியதை ஒலிநாடாவிற் பதிந்தவரும் அவரே. பின்னர் அவர் அமெரிக்கா சென்று, அத்லாந்திக் நிறுவனத்தில் ஒலிப்பதிவாளராக விளங்கினார். தோழனின் நாதம் கேட்கவில்லையே என்று பலகையை அறுத்த கை, உலகறிந்த இசைத்தட்டுகளுக்கு உருக்கொடுத்தது.

அறிவியல் முன்னே நடந்து கைத்தொழில் பின்னே வருவதாக எண்ணுவது வழக்கம். இப்பெட்டியின் வரலாறு அதற்கு மாறானது. துராஸின் தத்துவம் முன்பே இருந்தது. தீலின் கணக்குப் பின்னர் பரவியது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்பியவர், செவியையும் உளியையும் நம்பிய இளைஞர். அடித்தளத்து நாதத்துக்கு இசையில் உரிய ஆசனத்தை மீட்டுக் கொடுத்தவரும் அவர்களே.